தாக்குபவரா, தற்காப்பவரா? உங்கள் ஆறு ஆட்டங்கள் என்ன சொல்கின்றன

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 36 வயது. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பள்ளியோடு விட்டுப்போன செஸ்ஸை 2022ல் மாமல்லபுரம் ஒலிம்பியாட் நடந்தபோது திரும்ப எடுத்தேன். இப்போது ரேட்டிங் 1540. வாரத்துக்கு நாலு மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம். எனக்குத் தாக்கி ஆடத்தான் பிடிக்கும். 1851ல் ஆண்டர்சன் ஆடிய புகழ்பெற்ற ஆட்டத்தைப் பார்த்ததிலிருந்து வெள்ளையில் கிங்ஸ் கேம்பிட்தான், அதாவது இரண்டாவது மூவிலேயே ஒரு சிப்பாயைக் கொடுக்க முன்வரும் ஓபனிங் (ஆட்டத் தொடக்க முறை). கருப்பில், வெள்ளை முதல் மூவில் ராஜாவின் முன் சிப்பாயை இ4 கட்டத்துக்கு நகர்த்தினால் சிசிலியன் டிராகன், ராணியின் முன் சிப்பாயை டி4க்கு நகர்த்தினால் கிங்ஸ் இந்தியன். இணையத்தில் ‘உங்கள் ஸ்டைல் என்ன’ என்று ஒரு கேள்வித்தாள் நிரப்பினேன். ‘நீங்கள் மிகைல் தால் மாதிரி’ என்று, தாக்கி ஆடுவதில் பேர்போன முன்னாள் உலகச் சாம்பியனின் பெயர் வந்தது. ஆனால் ஒரு வருடமாக ரேட்டிங் நகரவே இல்லை. கிளப் நண்பர்கள் ‘நீ டிஃபென்ஸ் ஆட்டக்காரன், பேசாமல் லண்டன் சிஸ்டமும் காரோ-கானும் ஆடு’ என்கிறார்கள். யார் சொல்வது சரி? என் ஸ்டைலுக்கு எந்த ஓபனிங் பொருந்தும்? கடைசியாக ஆடிய போட்டியின் ஆறு ஆட்டங்களையும் இணைத்திருக்கிறேன்.
பி.கு.: என் 9 வயது மகளும் ஆட ஆரம்பித்திருக்கிறாள். அவளுக்கும் இதே ஓபனிங்குகளைச் சொல்லிக்கொடுக்கலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

ஆட்டங்களைச் சேர்த்து அனுப்பியது நல்ல வேலை. கேள்வியை மட்டும் எழுதியிருந்தால் நானும் அந்தக் கேள்வித்தாளைப் போல ஒரு பெரிய ஆட்டக்காரர் பெயரைச் சொல்லி அனுப்பி வைத்திருப்பேன், நீங்களும் சந்தோஷமாக இருந்திருப்பீர்கள். ஸ்கோர் ஷீட்டில் ஒவ்வொரு மூவுக்கும் மீதி நேரத்தை வேறு குறித்திருக்கிறீர்கள். கணக்குப் பிரிவு ஆளின் பழக்கம் போல. எனக்கு அதுதான் மிகவும் உதவியது.

முதலில் நீங்கள் ஜெயித்த இரண்டு ஆட்டங்களைப் பார்ப்போம். ஒன்று வெள்ளையில், கிங்ஸ் கேம்பிட். எதிராளி கொடுத்த சிப்பாயை வாங்கிவிட்டு, மூன்றாவது மூவில் டி5 என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நடு திறந்தது, 14வது மூவில் ராணிகள் வெட்டுப்பட்டன. அதற்கப்புறம் நீங்கள் ஆடியதுதான் இந்த ஆறு ஆட்டங்களிலேயே அழகான பகுதி. ரூக்கை ஏழாவது வரிசையில் கொண்டு உட்கார வைத்தீர்கள், ராஜாவை அவசரப்படாமல் நடுவுக்கு நடத்தினீர்கள், ஏ சிப்பாயை எதிராளியே பலவீனமாக்கும் வரை காத்திருந்தீர்கள். இன்னொன்று கருப்பில். நீங்கள் டிராகன் ஆட நினைத்து சி5 வைக்க, எதிராளி இரண்டாவது மூவிலேயே சி3 என்று வேறு வழிக்குப் போய்விட்டார். அதில் வெள்ளைக்கு டி4ல் ஒற்றைச் சிப்பாய் ஒன்று பக்கத்துணை இல்லாமல் நின்றது. அதன் எதிரே டி5ல் குதிரையை நிறுத்தி, சில்லறைக் காய்களை ஒவ்வொன்றாக மாற்றி, 38வது மூவில் அந்தச் சிப்பாயை எடுத்தீர்கள். இரண்டு ஆட்டத்திலும் உங்களுக்குக் கடிகாரத்தில் எதிராளியைவிட அதிக நேரம் மீதி இருந்தது.

இனி தோற்ற ஆட்டங்கள். டிராகனில் எதிராளி வழக்கமான ஏற்பாட்டோடு வந்தார்: எஃப்3, ராணி டி2, ராணிப் பக்கம் காஸ்லிங் (ராஜாவையும் ரூக்கையும் ஒரே மூவில் இடம் மாற்றுவது), எச் சிப்பாய் ஓட்டம். இந்த நிலையில் கருப்பு செய்ய வேண்டியது சி வரிசையில் எதிர்த்தாக்குதல். அதிலும் சி3 குதிரையை ரூக்கால் வெட்டி, அந்த ராஜாவின் முன்னால் இருக்கும் சிப்பாய்களைக் கிழிப்பது இந்த ஓபனிங்கின் உயிர்நாடி. 15வது மூவில் அது உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஒன்பது நிமிடம் யோசித்துவிட்டு ஏ6 ஆடினீர்கள். பத்து மூவில் எச் வரிசை திறந்து மேட்.

கிங்ஸ் இந்தியனிலும் அதே கதை. நடு பூட்டப்பட்டது. எஃப்5 வரை சரியாகப் போனீர்கள். அங்கிருந்து எஃப்4, ஜி5 என்று வெள்ளை ராஜாவை நோக்கிச் சிப்பாய்களை ஏவ வேண்டும். நீங்கள் இ4ல் வெட்டிப் பதற்றத்தைத் தீர்த்துக்கொண்டீர்கள். வெள்ளைக் குதிரை இ4ல் வந்து உட்கார்ந்தது, ஆட்டம் முடியும்வரை அதை யாரும் எழுப்பவில்லை. வெள்ளையில் தோற்ற கிங்ஸ் கேம்பிட்டில் எஃப்7ல் பிஷப்பைக் கொடுத்தீர்களே, அதற்கு நீங்கள் செலவழித்த நேரம் 40 வினாடி. அந்தத் தியாகம் கணக்குப் போட்டு வரவில்லை. ‘இந்த ஓபனிங்கில் இப்படித்தான் ஆட வேண்டும்’ என்ற கடமை உணர்ச்சியில் வந்தது. மீதியிருக்கும் டிராவைப் பற்றி சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு பேருமே தூங்கியிருக்கிறீர்கள்.

ஆக, உங்களுக்குப் பார்க்கப் பிடித்த செஸ்ஸும் உங்கள் கைக்கு வருகிற செஸ்ஸும் இப்போதைக்கு வேறு வேறு. ஓபனிங்கைக் கைக்கு வருவதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். பிடித்ததைப் பயிற்சியில் வளர்த்துக்கொள்ளலாம், அதை யாரும் தடுக்கப்போவதில்லை.

நண்பர்கள் சொன்னது சரியாகிவிட்டதா என்றால், முழுக்க இல்லை. ‘டிஃபென்ஸ் ஆட்டக்காரர்’ என்று அவர்கள் சொல்வதை உங்கள் ஆட்டங்கள் காட்டவில்லை. டிராகனில் உங்கள் ராஜாவை எதிராளி நெருக்கியபோது நீங்கள் நன்றாகத் தற்காக்கவும் இல்லை. உங்களிடம் இருப்பது வேறு திறமை. ஒரு பலவீனம் தென்பட்டுவிட்டால், அதன்மேல் பொறுமையாக அழுத்தம் கூட்டிக்கொண்டே போகிறீர்கள். ராணிகள் போனபின் உங்களுக்குப் பயம் போய்விடுகிறது. பொருளைக் கொடுத்து நேரத்தை வாங்கும் பேரம்தான் இன்னும் உங்களுக்கு வசப்படவில்லை. 1500 ரேட்டிங்கில் ‘என் ஸ்டைல்’ என்று நாம் சொல்லிக்கொள்வதில் பாதி, நமக்கு இன்னும் வராத விஷயங்களின் பட்டியல்தான்.

பெரிய ஆட்டக்காரர்களின் முத்திரைகளை ரொம்ப நம்ப வேண்டாம் என்பதற்கு ஒரு உதாரணம். டைக்ரன் பெட்ரோசியன், 1963 முதல் 1969 வரை உலகச் சாம்பியன். தற்காப்பு ஆட்டத்தின் மறுபெயர் என்றே அவரைச் சொல்வார்கள். ஆனால் ரூக்கைக் கொடுத்துக் குதிரையையோ பிஷப்பையோ வாங்குவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. 1953ல் சூரிச்சில் ரெஷெவ்ஸ்கிக்கு எதிராக, எதுவும் தாக்காமலேயே, இ6 கட்டத்தில் ரூக்கை வைத்து ‘வேண்டுமானால் எடுத்துக்கொள்’ என்றார். நீங்கள் ஒன்பது நிமிடம் யோசித்துத் தள்ளிவிட்ட அதே பேரத்தை, உலகின் மிக ஜாக்கிரதையான ஆட்டக்காரர் தற்காப்புக்காகச் செய்தார். அப்புறம் உங்கள் தால். 1960ல் அவர் போட்வின்னிக்கை வீழ்த்தி சாம்பியன் ஆனார். அந்தப் போட்டியில் போட்வின்னிக் கருப்பில் பல முறை காரோ-கான் ஆடினார், போட்டியைத் தோற்றார். அடுத்த வருடம் மறுபோட்டியில் அதே தாலுக்கு எதிராக அதே காரோ-கானை எடுத்துக்கொண்டு வந்து 13–8 என்று ஜெயித்தார். ஓபனிங் பெயரை வைத்து முடிவை ஊகிக்க முடியாது.

உச்சத்தில் இருப்பவர்கள் ஓபனிங்கை வேறு கணக்கில் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிளப்பில் யாராவது இதைச் சொல்லி உங்களைக் குழப்புவார்கள். 2000ல் லண்டனில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் போட்டியில் கிராம்னிக், அப்போதைய சாம்பியன் காஸ்பரோவுக்கு எதிராகப் பெர்லின் டிஃபென்ஸைக் கொண்டுவந்தார். எட்டாவது மூவில் ராணிகள் வெட்டுப்பட்டுவிடும், கருப்பு காஸ்லிங் உரிமையையும் இழக்கும், பார்க்க ஒரு மாதிரி அசிங்கமாக இருக்கும். ஆனால் ராணிகளோடு புயல் கிளப்புகிற காஸ்பரோவுக்கு அதில் மூச்சு முட்டியது. அந்தப் போட்டியில் அவர் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. 2008ல் பான் நகரில் நம் ஆனந்த் இதே வேலையைக் கிராம்னிக்குக்கே செய்தார். பெரும்பாலும் இ4 ஆடிவந்தவர் டி4க்கு மாறினார். கருப்பில் செமி-ஸ்லாவ் என்ற ஓபனிங்கின் மெரான் கிளையில் ஆட்டத்தைக் கலங்கடித்து, மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களை ஜெயித்தார். 6½–4½ல் பட்டம் அவரிடமே நின்றது. இவர்கள் ‘எனக்கு எது பொருந்தும்’ என்பதோடு நிற்காமல், ‘அவருக்கு எது பொருந்தாது’ என்றும் தேடினார்கள். ஒரே எதிராளியோடு பல வாரம் ஆடுபவர்களுக்கு அது சரி. ஞாயிற்றுக்கிழமை காலை பேரிங் (யாருக்கு யார் எதிராளி என்ற பட்டியல்) ஒட்டிய பிறகுதான் எதிராளி பெயரே தெரிகிற நமக்கு அது ஆகாது.

உங்கள் ஆறு ஆட்டங்களில் நான் செய்ததை இன்னும் பெரிய அளவில் நீங்களே செய்து பாருங்கள். லிச்செஸ் என்ற இணையதளத்தில் ஆடுகிறீர்கள் என்றால், அதன் ஓபனிங் எக்ஸ்ப்ளோரரில் உங்கள் பெயரைக் கொடுத்தால் போதும், எந்த ஓபனிங்கில் எத்தனை ஜெயித்தீர்கள் என்று இலவசமாகக் காட்டும். பிளிட்ஸ் எனப்படும் சில நிமிட வேக ஆட்டங்களைத் தள்ளிவிட்டு நீண்ட நேர ஆட்டங்களில் ஒரு முப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பன்னிரண்டு மூவைப் பார்க்காதீர்கள். ஆட்டம் எந்த மூவில் புரண்டது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் நடு திறந்திருந்ததா பூட்டியிருந்ததா, ராணிகள் பலகையில் இருந்தனவா, இரண்டு ராஜாக்களும் ஒரே பக்கம் காஸ்லிங் செய்திருந்தார்களா என்று எழுதுங்கள். பக்கத்திலேயே உங்கள் மீதி நேரத்தையும் எழுதுங்கள். நேரம் பொய் சொல்லாது. தனக்குப் புரிகிற நிலையில் மனிதன் வேகமாக ஆடுவான், புரியாத நிலையில் உட்கார்ந்துவிடுவான். செஸ் எஞ்சின் (கணினி நிரல்) தரும் மதிப்பெண்ணைவிட இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இந்தக் கணக்கில் உங்கள் சுபாவத்தைச் சேர்க்காதீர்கள். ஆபீஸில் நிதானமான ஆள், அதனால் பலகையிலும் நிதானம் என்று முடிவு கட்ட முடியாது. வாயைத் திறந்து தண்ணீர் கேட்கக் கூச்சப்படும் பையன்கள் பலகையில் ஈவிரக்கமில்லாமல் ராணியைத் தியாகம் செய்வதை வாராவாரம் பார்க்கிறேன்.

சரி, என்ன ஆடலாம்?

கருப்பில் இ4க்கு நண்பர்கள் சொன்ன காரோ-கானையே நானும் சொல்கிறேன். காரணம் வேறு. சி6 வைத்து அடுத்து டி5 என்று நடுவில் மோதும் இந்த ஓபனிங்கில், பிறக்கிற சிப்பாய் அமைப்புகள் உங்களுக்குக் கைவந்தவை. வெள்ளை இ5 என்று முன்னேறினால், பிஷப்பை எஃப்5க்கு வெளியே எடுத்துவிட்டு அப்புறம் இ6 வைக்கலாம். ஃப்ரெஞ்ச் டிஃபென்ஸில் அந்த பிஷப் சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஆட்டம் முழுக்க முனகும், இங்கே அந்தத் தொல்லை இல்லை. பிறகு சி5 வைத்து டி4ன் அடித்தளத்தைக் குத்த வேண்டும். சி சிப்பாய் இரண்டு தடவையில் சி5க்கு வருவதால் ஒரு மூவ் வீணாகிறது, நடு பூட்டியிருப்பதால் அது பெரிதாக வலிக்காது. வெள்ளை டி5ல் வெட்டிவிட்டு சி4 ஆடினால் அது பானோவ் தாக்குதல். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அதில் பெரும்பாலும் டி4ல் ஒற்றைச் சிப்பாய் நிற்கும். அதை என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், 38 மூவில் செய்து காட்டியிருக்கிறீர்கள்.

காரோ-கான் ஆடினால் தாக்குதலே வராது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். முன்னேறும் கிளையில், பிஷப் எஃப்5க்கு வந்த உடனே எச்4 என்று ஒரு மூவ் இப்போது நிறையப் பேர் ஆடுகிறார்கள். அலட்சியமாக இ6 வைத்தால் ஜி4, எஃப்3, எச்5 என்று விரட்டி பிஷப்பைப் பிடித்துவிடுவார்கள். எச்5 என்று பதில் சொல்லுங்கள். கிளாசிக்கல் கிளையில், அதாவது குதிரை சி3க்கு வந்து, டி5 சிப்பாய் இ4ல் வெட்டி, குதிரை திருப்பி வெட்டி, பிஷப் எஃப்5க்கு வந்து, குதிரை ஜி3க்குப் போய் பிஷப் ஜி6க்கு ஒதுங்கிய பிறகும் எச்4 வரும். அங்கே பதில் எச்6. அதை மறந்தால் எச்5ல் பிஷப் போச்சு. பிஷப் எஃப்5க்குப் பதிலாகக் குதிரையை டி7ல் வைக்கும் கிளையும் உண்டு. அங்கே வெள்ளை ராணி இ2க்கு வந்தால் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். இன்னொரு குதிரையை எஃப்6க்கு எடுத்தால் ஆறாவது மூவில் குதிரை டி6ல் மேட், இ7 சிப்பாய் ராணியின் பார்வையில் கட்டுண்டு கிடக்கும். பெரிய போட்டிகளிலேயே நடந்திருக்கிறது, அவமானமாக இருக்கும்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. வெள்ளை டி5ல் வெட்டிவிட்டு சி4 ஆடாமல், பிஷப் டி3, சி3 என்று அமைதியாக வந்தால் என்ன ஆகிறது? 1970ல் பெல்கிரேடில் ஃபிஷர், பெட்ரோசியனை இந்த வழியில்தான் வீழ்த்தினார், அதனால் எளிய வழி என்று தள்ள முடியாது. இங்கே ராணிப் பக்கம் வெள்ளைக்கு ஏ, பி, சி என்று மூன்று சிப்பாய், கருப்புக்கு ஏ, பி என்று இரண்டு. இரண்டை வைத்து மூன்றைத் தாக்குவதுதான் கருப்பின் திட்டம். ரூக்கை பி8ல் வைத்து பி5, பி4 என்று தள்ளி சி3ல் மோதினால், வெட்டிக்கொண்டபின் வெள்ளைக்கு சி3லோ டி4லோ ஒரு சிப்பாய் தனியாக மாட்டிக்கொள்ளும். மைனாரிட்டி அட்டாக் என்பார்கள். பெயரில் அட்டாக் இருந்தாலும் இருபது மூவ் எடுத்துக்கொள்ளும் அட்டாக் இது. ராஜாவுக்கு ஆபத்து இல்லை, ஒரு பலவீனத்தை உருவாக்கி அதைச் சாப்பிடுவதுதான் வேலை. உங்களுக்கென்றே தைத்த சட்டை.

இதே அமைப்பை வெள்ளையிலும் வாங்கிக்கொள்ள முடியும் என்பதால்தான் உங்களுக்கு குயீன்ஸ் கேம்பிட் சொல்கிறேன். டி4, சி4, குதிரை சி3. எதிராளி டி5, இ6, குதிரை எஃப்6 என்று வந்தால் சி சிப்பாயால் டி5ல் வெட்டுங்கள், அவர் இ சிப்பாயால் வெட்டுவார். பிறகு பிஷப்பை ஜி5க்கு எடுங்கள். பலகையைத் திருப்பி வைத்துப் பாருங்கள், காரோ-கானில் பார்த்த அதே எலும்புக்கூடு நிறம் மாறி நிற்கும். இப்போது நீங்கள் ரூக்கை பி1ல் வைத்து பி4, பி5 போகிறீர்கள், சி6 சிப்பாய் இலக்கு. 1923ல் கார்ல்ஸ்பாட் நகரில் நடந்த போட்டியின் பெயரால் இந்த அமைப்பையே கார்ல்ஸ்பாட் என்று அழைக்கிறார்கள். இரண்டு நிறத்துக்கும் ஒரே பாடம். வாரத்துக்கு நாலு மணி நேரம் இருக்கிற ஆளுக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. வெட்டுவதற்கு முன்பே பிஷப்பை ஜி5க்கு எடுத்துவிட்டீர்கள், எதிராளி குதிரையை டி7ல் வைத்தார், அதற்குப் பின் டி5ல் வெட்டிக்கொண்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டி5 சிப்பாய் இலவசம் போலத் தெரியும். கருப்பின் எஃப்6 குதிரை ராணியோடு கட்டுண்டு (நகர்ந்தால் ராணி போகும் நிலையில்) இருக்கிறதே என்று குதிரையால் எடுத்தால், அவர் கட்டை மதிக்காமல் உங்கள் குதிரையை வெட்டுவார், நீங்கள் ராணியை எடுப்பீர்கள், அவர் பிஷப்பை பி4ல் வைத்து செக் சொல்வார். உங்கள் ராணி நடுவில் வந்து விழுவதைத் தவிர வழியில்லை. கணக்குப் பார்த்தால் ஒரு முழுக் காய் உங்களுக்கு நஷ்டம். எலிஃபன்ட் ட்ராப் என்று பெயர். உங்கள் ரேட்டிங்கில் மாதம் ஒருவராவது இதை உங்கள்மேல் போட்டுப் பார்ப்பார்.

கிங்ஸ் இந்தியன் ஆடுபவர்களையும் சந்திப்பீர்கள். அதைக் கருப்பில் ஆடித் தோற்ற அனுபவம் வீண்போகாது, அவர்கள் மனசில் என்ன ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். எஃப்4, ஜி5 புயலுக்காகத்தான் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். புயலே வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது. இ4, குதிரை எஃப்3, பிஷப் இ2 என்று வழக்கம்போல வந்து, அவர்கள் இ5 வைத்ததும் டி சிப்பாயால் வெட்டுங்கள், அவர்கள் திருப்பி வெட்டியதும் ராணிகளை டி8ல் மாற்றிக்கொள்ளுங்கள், பிஷப்பை ஜி5க்கு எடுங்கள். தியரிப்படி வெள்ளைக்குப் பெரிய லாபம் ஒன்றும் இல்லை, சமநிலைதான். ஆனால் தாக்க வந்தவர் எட்டாவது மூவில் ராணி இல்லாமல் எண்ட்கேம் (இறுதிக்கட்ட ஆட்டம்) ஆட வேண்டியிருக்கிறது, எதிரே நீங்கள் இருக்கிறீர்கள். கிராம்னிக் செய்ததை நம் அளவில் செய்வது என்றால் இதுதான்.

கருப்பில் டி4க்கு ஸ்லாவ். டி5, சி6. காரோ-கானின் அதே இரண்டு சிப்பாய்கள், அதே சிந்தனை. இரண்டு பக்கமும் குதிரைகள் வந்தபின் சி4ல் வெட்டி, வெள்ளை ஏ4 ஆடியதும் பிஷப்பை எஃப்5க்கு எடுப்பது முக்கிய வழி. இங்கே நீட்டி முழக்க வேண்டியதில்லை, காரோ-கானில் ஒரு மாதம் ஊறியபின் பாருங்கள், பாதி தானாகப் புரியும்.

லண்டன் சிஸ்டம் பற்றி. டி4, பிஷப் எஃப்4, இ3, சி3 என்று எதிராளி என்ன ஆடினாலும் ஏறக்குறைய ஒரே வீட்டைக் கட்டுவது. அதைக் கேலி செய்யும் கூட்டத்தில் நான் இல்லை. 2023 உலகச் சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டத்தில் டிங் லிரென், நெப்போம்னியாச்சியை அதை ஆடித்தான் ஜெயித்தார். நேரமே இல்லாதவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கவும் செய்கிறேன். உங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்றால், கிளப் அளவில் அதை ஆடுபவர்களில் பலர் முதல் பத்து மூவை எதிராளியின் காய்களைப் பார்க்காமலே ஆடுகிறார்கள், நான்கு வருடம் கழித்தும் அதே ஒரு அமைப்பு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. நீங்கள் இன்னும் வளரக்கூடிய இடத்தில் இருக்கிறீர்கள். கருப்பில் உங்களுக்கு எதிராக லண்டன் வந்தால் மட்டும் தாமதிக்காமல் சி5, குதிரை சி6, ராணி பி6 என்று பி2வைக் குத்துங்கள். பிஷப் வெளியே போய்விட்டதால் அந்தச் சிப்பாய்க்குக் காவல் குறைவு.

மாறும் காலம் கஷ்டமாக இருக்கும். இரண்டு, மூன்று மாதம் ரேட்டிங் கீழே போனாலும் போகும். உடனே ‘எனக்கு இது செட் ஆகவில்லை’ என்று அடுத்த ஓபனிங்குக்குத் தாவுவதுதான் இந்த ரேட்டிங்கில் பெரும்பாலானவர்களைப் பிடித்திருக்கும் வியாதி. முப்பது நீண்ட ஆட்டம் ஆடாமல் எந்த ஓபனிங்கைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அதுவரை இணையத்தில் 15 நிமிடம், மூவுக்கு 10 வினாடி என்ற அளவில் ஆடிப் பழகுங்கள், பிளிட்ஸில் பழகினால் மூவ்கள் மட்டும்தான் மனப்பாடம் ஆகும். நாலு மணி நேரத்தில் ஓபனிங்குக்கு ஒரு மணிக்கு மேல் கொடுக்க வேண்டாம். அந்த ஒரு மணியிலும் கிளைகளை உருப்போடுவதைவிட, இந்த அமைப்பில் நல்ல ஆட்டக்காரர்கள் கடைசிவரை ஆடிய ஆட்டம் ஒன்றை முழுசாகப் போட்டுப் பார்ப்பது மேல். பி சிப்பாய் எப்போது நகர்கிறது, அதற்கு முன் எந்தக் காயை மாற்றிக்கொள்கிறார்கள் என்று கவனியுங்கள். மீதி மூன்று மணியில் டாக்டிக்ஸ் புதிர்கள் கட்டாயம். அதிலும் பொருளைக் கொடுக்கிற புதிர்களாகத் தேடிப் போடுங்கள். அந்த ஒன்பது நிமிட யோசனைக்கு மருந்து அங்கேதான் இருக்கிறது. ஒரு வருடம் கழித்து அந்தக் கை வந்துவிட்டால் டிராகனைத் திரும்ப எடுக்கலாம், நானே சொல்லித்தருகிறேன்.

கிங்ஸ் கேம்பிட்டைத் தலைமுழுக வேண்டுமா? வேண்டாம். கிளப்பில் ஐந்து நிமிட ஆட்டங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஃபிஷர் 1961ல் அதை ஒரேயடியாகத் தகர்த்துவிட்டதாகக் கட்டுரை எழுதினார், இரண்டு வருடம் கழித்து அமெரிக்கச் சாம்பியன்ஷிப்பில் அவரே அதை ஆடி ஜெயித்தார். ஆசை யாரை விட்டது?

கடைசியாக உங்கள் மகள். நான் உங்களுக்குச் சொன்ன எதையும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். ஒன்பது வயதில் மைனாரிட்டி அட்டாக் ஆடச் சொன்னால் கேரம்போர்டுக்குப் போய்விடுவாள், அதில் நியாயமும் இருக்கிறது. அவளுக்கு ஸ்டைல் என்று ஒன்று இன்னும் கிடையாது, இப்போதே ஒன்றை ஒட்டவும் கூடாது. இரண்டு நிறத்திலும் இ4, இ5. வெள்ளையில் இத்தாலியன், ஸ்காட்ச் என்ற ஓபனிங்குகள். காய்களைச் சீக்கிரம் வெளியே எடுக்க வேண்டும், காஸ்லிங் செய்ய வேண்டும், திறந்த வரிசையில் ரூக்கை வைக்க வேண்டும் என்பதெல்லாம் திறந்த ஆட்டங்களில்தான் அடிபட்டுப் புரியும். அவள் கிங்ஸ் கேம்பிட் ஆட ஆசைப்பட்டால் தாராளமாக ஆடட்டும். நாலு மூவ் மேட்டில் இந்நேரம் ஒரு தடவையாவது மாட்டியிருப்பாள், அதைத் தடுக்கவும் தெரிந்திருக்கும். அடுத்து வரப்போவது, அவள் கருப்பில் ஆடும்போது இத்தாலியனில் எதிராளியின் குதிரை ஜி5க்குக் குதித்து எஃப்7ஐக் குறிவைப்பது. அவள் டி5 வைக்க, இ சிப்பாய் வெட்டும். அப்போது குதிரையால் திருப்பி வெட்டத்தான் எல்லாக் குழந்தைக்கும் கை போகும். வெட்டினால் எஃப்7ல் குதிரை விழுந்து ராஜா நடுத்தெருவுக்கு வந்துவிடும். சி6 குதிரையை ஏ5க்கு எடுத்து பிஷப்பைத் துரத்தச் சொல்லிக்கொடுங்கள். ஒரு சிப்பாய் குறைவாக இருக்கும், பதிலுக்கு அவள் காய்கள் வேகமாக வெளியே வரும். அந்த நிலையை நீங்கள் இரண்டு பேரும் நிறம் மாற்றி மாற்றி பத்துப் பதினைந்து தடவை ஆடிப் பாருங்கள், வெள்ளையில் நீங்கள் தோற்றாலும் பரவாயில்லை.